கவாத்துக் கத்தரி நம்ம ஊருக்கு வந்த கதை

போன சித்திரை கடைசியில சென்னையில இருக்கிற என் தம்பி மகள் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். மொட்டை மாடியில ஒரு தட்டுத் தொட்டி. அதுக்குள்ள ஒரு முழ உயரத்துக்கு இச்சி மரம். இலை ஒண்ணுகூட இல்லை. கிளை நுனியெல்லாம் கருகிப்போய் நின்னுச்சு.

"பெரியப்பா, இது போன்சாய். ஆறு வருஷமா வளர்க்கிறேன். வசந்த காலத்துலதான் வெட்டணும், வேரையும் நறுக்கணும்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு. சித்திரைதானே வசந்தம்? அதான் வெட்டினேன். இப்படி ஆயிடுச்சு"ன்னு போன்ல அழுகிற மாதிரி சொன்னாள்.

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு. ஏன்னா இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். அவள் பண்ணினது ஒரு தொட்டியில. நான் பண்ணினது முக்கால் ஏக்கர் திராட்சைப் பந்தல்ல. அன்னைக்குப் போன்ல சொல்ல வேண்டியதைச் சுருக்கமா சொல்லிட்டேன். முழுசா சொல்லணும்னா கவாத்தோட கதையையே சொல்லணும். அதான் இந்தப் பதிவு.

கவாத்துன்னு ஒரே சொல்லை நாம ரெண்டு வேலைக்கு வச்சிருக்கோம். போலீஸ்காரங்க வரிசையா நின்னு பழகுறதும் கவாத்துதான், செடியை வெட்டி ஒழுங்குபண்றதும் கவாத்துதான். திண்டுக்கல்காரங்களுக்கு ரெண்டுமே பழக்கம். எங்க ஊர் மலைக்கோட்டை 1605-ல முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்துல கட்ட ஆரம்பிச்சது. 1755-ல ஹைதர் அலி இங்க பௌஜ்தாரா வந்தார். 1790-ல கும்பினிப் படை கோட்டையைப் பிடிச்சது, 1792-ல சீரங்கப்பட்டண உடன்படிக்கையில திண்டுக்கல் சீமையே அவங்க கைக்குப் போயிடுச்சு. முதல் கவாத்து அந்தப் படைகளோட கதை. ரெண்டாவது கவாத்து அதுக்கு 40 வருஷம் கழிச்சு வந்து சேர்ந்தது. அது திராட்சையோட கதை.

கழுதையும் ஆடும்

செடியை வெட்டினா நல்லா காய்க்கும்னு மனுஷனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கிரேக்க நாட்டுல இதுக்கு ஒரு கதை உண்டு. நாப்லியாங்கிற ஊர்ல ஒரு கழுதை திராட்சைக் கொடியைக் கடிச்சுத் தின்னுடுச்சாம். அடுத்த பருவத்துல அந்தக் கொடிதான் மத்ததை விட அதிகமா காய்ச்சதாம். அதனால அந்த ஊர்க்காரங்க பாறையில கழுதை உருவத்தைச் செதுக்கி வச்சிருந்தாங்கன்னு 2-ஆம் நூற்றாண்டுல அந்தப் பக்கம் போன பவுசானியஸ்ங்கிற பயணி எழுதி வச்சிருக்கார்.

நம்ம பக்கம் கழுதைக்குப் பதிலா வெள்ளாடு. சிறுமலை அடிவாரத்துக் கரட்டுல போய்ப் பாருங்க. ஆடு கடிச்சுக் கடிச்சு முழங்கால் உயரத்துலயே நிக்கிற காரைச் செடியும் சங்கஞ்செடியும் இருக்கும். அடித்தண்டு கைப்பருமன் இருக்கும், வயசு நமக்குத் தெரியாது. கோட்டைச் சுவர் வெடிப்புல காக்கா எச்சத்துல விழுந்து முளைச்ச அரசங்கன்னும் அப்படித்தான். மண்ணு ஒரு பிடி, தண்ணி மழை பேஞ்சா உண்டு. அதுக்குத் தக்கன தன்னையே குறுக்கிக்கிட்டு வருஷக்கணக்கா நிக்கும். இப்படித் தானா குறுகினதைப் பார்த்துத்தான் ஆளுங்களும் தொட்டியில குறுக்கப் பழகியிருக்கணும்.

அந்தப் பழக்கம் முதல்ல சீனாவுல வந்தது. அங்க 706-ஆம் வருஷத்து இளவரசர் கல்லறை ஒண்ணுல, தட்டுல கல்லும் குட்டிச் செடியும் வச்சு ஏந்திக்கிட்டுப் போற பணியாள் ஓவியமே இருக்கு. அங்கிருந்து ஜப்பானுக்குப் போய் போன்சாய்னு பேர் எடுத்துச்சு. 1923-ல டோக்கியோவை அழிச்ச பூகம்பத்துக்கு அப்புறம், அங்க இருந்த போன்சாய்க்காரங்க நல்ல மண்ணும் தண்ணியும் தேடி ஓமியாங்கிற இடத்துக்குக் குடிபெயர்ந்து 1925-ல ஒரு கிராமமே அமைச்சாங்க. 1625-லிருந்து வளர்த்த ஒரு பைன் மரம் ஹிரோஷிமா குண்டுக்குத் தப்பிச்சு, 1976-ல அமெரிக்காவுக்குப் பரிசாப் போய் இப்பவும் வாஷிங்டன்ல உயிரோட இருக்கு.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஜப்பான்காரங்க வசந்தத்துல வெட்டுறதுக்குக் காரணம் காலண்டர் இல்லை, பனி. அங்க மேப்பிள் மாதிரி மரங்க இலையுதிர் காலத்துல இலையைக் கொட்டிட்டு, சத்தையெல்லாம் தண்டுலயும் வேர்லயும் சேமிச்சு வச்சுட்டுத் தூங்கிடும். மார்ச் மாசம் வெயில் தட்டினதும் மொட்டு வீங்கும். அந்த நேரத்துல வெட்டினா சேமிச்சு வச்ச சத்து முழுக்கப் புதுத் துளிருக்குப் போகும், வெட்டுக்காயமும் சீக்கிரம் ஆறும். அதுக்கு அப்புறம் பல மாசத்துக்கு மிதமான வெயில். நம்ம சித்திரைக்கு அப்புறம் வர்றது என்ன? அக்கினி நட்சத்திரம்.

பாதிரியார் கொண்டுவந்த கொடி

இதே சிக்கல் சுமார் 190 வருஷத்துக்கு முந்தி நம்ம மண்ணுக்கு வந்த ஒரு விருந்தாளிக்கும் இருந்துச்சு. வடக்க தௌலதாபாத்துல 14-ஆம் நூற்றாண்டுலயே திராட்சை இருந்துச்சு, வருஷத்துக்கு ரெண்டு தடவை காய்ச்சதுன்னு இபின் பதூதா எழுதியிருக்கார். ஆனா நம்ம சேலம், மதுரைச் சீமைக்குத் திராட்சை வந்தது 1832 வாக்குல, கிறிஸ்தவ மிஷனரிங்க மூலமா. இன்னைக்கு நாம பன்னீர் திராட்சைன்னு சொல்ற கறுப்பு ரகத்தைக் கொண்டுவந்தது ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். அந்த ரகத்துக்கு மஸ்கட் ஹாம்பர்க்னு பேர். அப்போ திண்டுக்கல்லும் மதுரைச் சீமைதான். 1985-லதான் எங்களுக்குத் தனி மாவட்டம். பின்னால இந்தத் திராட்சை கம்பம் பள்ளத்தாக்குல பெருகி, 2023-ல கம்பம் பன்னீர் திராட்சைன்னு புவிசார் குறியீடே வாங்கிடுச்சு. எங்க பக்கம் வெள்ளோடு, செட்டியபட்டி, கொடைரோடுன்னு சிறுமலையை ஒட்டின செம்மண் பூமியில வேர் பிடிச்சது.

பிரான்சுல திராட்சைக்கொடி பனிக்காலத்துல மொட்டையா நிக்கும். அந்த ரெண்டு மூணு மாசத்துல வெட்டுவாங்க. வருஷத்துக்கு ஒரு கவாத்து, ஒரு அறுப்பு. இங்க கொண்டுவந்து நட்டா கொடி தூங்கவே மாட்டேங்குது. பனி இல்லை, இலை கொட்டலை. விட்டா கொடி ஓடிக்கிட்டே இருக்கும், காய் வராது. ஏன்னா எந்தச் செடிக்கும் நுனிக்கொழுந்துதான் அதிகாரி. அது இருக்கிற வரைக்கும் கீழ இருக்கிற மொட்டுகளைத் தலைதூக்க விடாது. நுனியை வெட்டினாத்தான் கீழ் மொட்டு முழிக்கும். அந்த மொட்டுக்குள்ளதான் திராட்சையோட பூங்கொத்து ஒளிஞ்சிருக்கு.

அதனால இங்க உள்ள குடியானவங்க பனிக்கு பதிலா கத்தரியை வச்சுக்கிட்டாங்க. தண்ணியைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துறது, கொடியை ஒட்ட வெட்டுறது, மிச்ச இலையை உருவி விடுறது. கொடிக்குப் பனிக்காலம் வந்துட்டதா நினைப்பு வந்துடும். அப்புறம் எருவைப் போட்டுத் தண்ணியைக் கட்டினா அதுக்கு வசந்தம். மார்கழி, தையில ஒரு கவாத்து, சித்திரை, வைகாசியில அறுப்பு. வைகாசி, ஆனியில இன்னொரு கவாத்து, ஆவணி, புரட்டாசியில அறுப்பு. ஒரு வருஷத்துல ரெண்டு வசந்தத்தை நாமளே உண்டாக்கிக்கிட்டோம்.

கத்தரியும் அந்தப் பக்கத்து சரக்குதான். அதுவரைக்கும் அரிவாள் மாதிரி வளைஞ்ச கத்திதான். பதினாறாம் லூயி மன்னர்கிட்ட மந்திரியா இருந்து, புரட்சி வந்ததும் நாட்டை விட்டு ஓடிப்போன பெர்ட்ராண்ட் த மோல்வில்ங்கிறவர்தான் 1815 வாக்குல இந்த ஒருகைக் கத்தரியைக் கண்டுபிடிச்சவர்னு சொல்றாங்க. வெட்டுவாயில தடவுற போர்டோ பசையும் அங்கிருந்துதான். போர்டோ ஊர்ல வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காம இருக்கிறதுக்கு ரோட்டோரக் கொடியில மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிச்சு வச்சிருந்தாங்க. அந்தக் கொடிங்களுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வரலைங்கிறதை மில்லார்டேங்கிற பேராசிரியர் கவனிச்சு 1885-ல எழுதினார். திருட்டுக்குப் பயந்து அடிச்சது மருந்தாச்சு.

என் அப்பாவும் என் தப்பும்

எங்க அப்பா பந்தல் போட்டது 1978-ல. கல்லுக்கால் ஊன்றி, கம்பி இழுத்து, முக்கால் ஏக்கர். நான் அப்போ சின்னப் பையன். அவர் கவாத்துக்கு நிக்கிறதைப் பார்த்தா சாமி கும்பிடுற மாதிரி இருக்கும். ஒவ்வொரு கொடியையும் விரல்ல உருட்டிப் பார்ப்பார். பழுப்பு நிறமா பென்சில் பருமன் இருந்தா நாலு கணு விட்டு வெட்டுவார். மெலிசா பச்சையா இருந்தா ஒண்ணு ரெண்டு கணுவோட குறைச்சுடுவார். "இது அடுத்த தடவைக்கு. இப்ப காயைக் கேக்காதே"ம்பார். மயில்துத்தத்தை இரும்புச் சட்டியில கரைக்க விடமாட்டார். கலவையில அரிவாள் நுனியை நனைச்சுப் பார்ப்பார். செம்பு நிறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம்.

1997-ல அவருக்குக் கால் முடியாமப் போச்சு. முதல் தடவையா நான் தனியா கவாத்துப் பண்ணினேன். எல்லாக் கொடியையும் ஒரே அளவுல, நாலு கணு வச்சு, கயிறு பிடிச்ச மாதிரி வெட்டினேன். பார்க்க அழகா இருந்துச்சு. அதோட ஆள் கிடைக்கலைன்னு மூணு வாரம் தள்ளிப் போட்டிருந்தேன். ஆள் வந்தப்போ காலம் தப்பியிருச்சு. மெலிஞ்ச கொடியெல்லாம் காயையும் தாங்காம, துளிரையும் தாங்காம செத்துச்சு. பூ எடுத்த நேரம் பார்த்து நாலு நாள் மழை பிடிச்சு, மிச்சத்தை அடிச்சாம்பல் கொண்டுபோச்சு. அந்த வருஷம் வாங்கின கடனை அடைக்க ஒரு ஜோடி மாட்டை வித்தோம்.

அப்பா திட்டலை. கட்டில்ல உக்காந்துக்கிட்டே ஒரு கேள்வி கேட்டார். "வெட்டறதுக்கு முந்தி ஒரு கொடியையாச்சும் தொட்டுப் பார்த்தியாடா?" அந்தக் கேள்வி இன்னும் காதுல நிக்குது. அதைத்தான் என் தம்பி மகள்கிட்டயும் கேட்டேன். அவள் தொட்டுப் பார்க்கலை, தேதி பார்த்திருக்காள்.

நம்ம ஊர் போன்சாய்கள்

போன்சாய் நமக்குப் புதுசுன்னு நினைக்காதீங்க. பேர்தான் புதுசு. உலகத்துலயே பெரிய குட்டைமரத் தோட்டம் தேயிலைத் தோட்டம்தான். தேயிலை விட்டா முப்பது அடிக்கு மேல போற மரம். அதை இடுப்பளவுல நிறுத்தி வச்சிருக்கிறது கவாத்து. இலங்கையில ஜேம்ஸ் டெய்லர் 1867-ல லூல்கந்துரயில 19 ஏக்கர்ல தேயிலை போட்டார். பின்னால மலை மலையா அது பரவினப்போ அந்தக் கத்தியைப் பிடிச்சது மதுரை, திருச்சி, ராமநாதபுரம், சேலம் பக்கத்துலிருந்து பஞ்சத்துக்குப் போன நம்ம சனங்க. இன்னைக்கும் மலையகத்துல "கவ்வாத்து வெட்டுறது"ன்னுதான் சொல்றாங்க.

நிலக்கோட்டை மல்லிகையும் அப்படித்தான். கார்த்திகை பாதியில தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொட்டையா வெட்டுவோம். புதுசா பார்க்கிறவங்க தோட்டத்தை அழிச்சுட்டான்னு நினைப்பாங்க. பங்குனியில வந்து பார்த்தா தெரியும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில வந்த பிகேஎம்-1 செடிமுருங்கையும் அறுப்பு முடிஞ்சதும் மூணு அடியில வெட்டினாத்தான் மறுதாம்பு காய்க்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு காலம், ஒரு அளவு.

மாடித் தொட்டிக்கு

இப்ப சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல மாடியில போன்சாய் வச்சிருக்கிறவங்களுக்கு. நான் போன்சாய்க்காரன் இல்லை. ஆனா ஆல், அரசு, இச்சி, புளி, வேம்பு எல்லாம் நான் தினமும் பார்க்கிற மரம். அதை வச்சுச் சொல்றேன்.

நம்ம மரத்துக்கு வசந்தம் குறுகலானது. மாசியில அரசும் வேம்பும் இலை கொட்டும், பங்குனியில தளதளன்னு துளிர்க்கும். கிளையை வெட்டுறதும் வேரைக் குறைச்சுத் தொட்டி மாத்துறதும் அதுக்கு முந்தி, தை கடைசி, மாசியில முடிஞ்சிடணும். துளிர் முத்தி இலை கெட்டியாகிறதுக்குள்ள அக்கினி வந்துடக் கூடாது. அதைத் தவறவிட்டா ஆடி பிறந்து வெயில் தணியட்டும்னு காத்திருங்க. சித்திரை, வைகாசியில கத்தரியை எடுக்காதீங்க. மேல இருக்கிற இலையையும் கீழ இருக்கிற வேரையும் ஒரே நாள்ல நறுக்கிட்டு, தொட்டியைக் கொதிக்கிற மாடித் தளத்துல வச்சா எந்த மரமும் தாங்காது.

வெட்டும்போது நல்ல கணுவுக்குக் கொஞ்சம் மேல, கூர்மையான கத்தரியால ஒரே வெட்டு. ஆல், இச்சிக்குப் பால் வடியும். ஈரத்துணியால ஒத்தி எடுத்துட்டு, வெட்டு பெருசா இருந்தா போர்டோ பசை தடவலாம். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணிங்கிறது தோட்டக் கணக்கு. உங்களுக்கு பத்து கிராமுக்கு பத்து கிராம், நூறு மில்லி தண்ணி போதும். பிளாஸ்டிக் டப்பாவுல தனித்தனியா கரைச்சு அப்புறம் கலங்க. பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.

வெட்டின மரத்துக்கு இலை கம்மி, அதனால தண்ணியும் கம்மியாத்தான் குடிக்கும். பாவம்னு ஊத்தி ஊத்தி வேரை அழுக விடாதீங்க. மண்ணுல விரலை விட்டுப் பார்த்து ஊத்துங்க. துளிர் வந்து இலை முத்தின பிறகு எரு. கோடையில காலையும் சாயங்காலமும் தண்ணி, தொட்டிக்கு அடியில ரெண்டு செங்கல், உச்சி வெயிலுக்கு ஒரு பச்சை வலை. ஜப்பான் மேப்பிள் மாதிரி குளிர் கேக்கிற மரத்தை நம்ம சமவெளியில வச்சுக் கஷ்டப்படுத்தாதீங்க. அதுக்கு நாம கத்தரியால பனிக்காலம் காட்ட முடியாது.

இன்னொண்ணு. கோட்டைச் சுவர்லயும் பழைய கோயில் கோபுரத்துலயும் முளைச்ச கன்னு அழகா இருக்குன்னு பிடுங்கப் போகாதீங்க. அது சட்டப்படியும் தப்பு, கல்லும் பெயர்ந்துடும். உங்க வீட்டுத் தண்ணித் தொட்டி இடுக்குல பார்த்தாலே ஒரு அரசங்கன்னு இருக்கும்.

பந்தல்

என் தம்பி மகளோட இச்சி பிழைச்சுடுச்சு. நிழல்ல வச்சு, ஈரத்தை அளவா வச்சு, ஆடியில அடித்தண்டுலிருந்து ரெண்டு துளிர் விட்டுச்சு. மேல் கிளை போனது போனதுதான். ஆறு வருஷ உழைப்புல நாலு வருஷம் போயிருக்கும்.

எங்க பந்தலைப் பத்திச் சொல்லணும்னா, போன தையோட அதை எடுத்துட்டோம். கிணறு வத்தி, போர் 800 அடியிலயும் ஒழுங்கா தண்ணி தரலை. கவாத்துக்கு ஆள் வந்தாலும் கணு பார்த்து வெட்டத் தெரிஞ்ச ஆள் எங்க ஊர்ல என்னையும் சேர்த்து மூணு பேர். மூணு பேருக்கும் அம்பது தாண்டிருச்சு. என் மகன் திருப்பூர்ல வேலை பார்க்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. கல்லுக்காலை ஒரு கோழிப்பண்ணைக்காரர் விலைக்கு எடுத்துக்கிட்டார். கம்பி பழைய இரும்புக்குப் போச்சு.

ஒரு தூரை மட்டும் நான் வெட்ட விடலை. அப்பா முதல் வருஷம் நட்டது. அடித்தண்டு என் முழங்கால் பருமன், பட்டை உரிஞ்சு முறுக்கிக்கிட்டு இருக்கும். பொங்கலுக்கு வந்திருந்த தம்பி மகள் அதைப் பார்த்துட்டு, "பெரியப்பா, இதைத் தொட்டியில வைக்கலாம். பழைய திராட்சைத் தூரை போன்சாயா வளர்ப்பாங்க"ன்னாள். நாப்பது வருஷத்துக்கு மேலான கொடியைத் தோண்டி எடுத்தா வருமான்னு எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் ரெண்டு பேருமா சேர்ந்து தோண்டினோம். வேரைக் குறைச்சு, செம்மண்ணும் மணலும் மக்கின எருவும் கலந்து ஒரு பெரிய சிமெண்ட் தொட்டியில வச்சோம்.

மேல் கொடியை வெட்டுறதுக்கு அப்பாவோட கத்தரியை அவள் கையில கொடுத்தேன். உடனே வெட்டலை. ஒவ்வொரு கொடியா விரல்ல உருட்டிப் பார்த்தாள். "இது பழுப்பா இருக்கு பெரியப்பா, நாலு கணு விடவா?"ன்னு கேட்டாள். "விடு தாயி"ன்னேன். மெலிசான ஒண்ணைக் காட்டி, "இதுக்கு ஒண்ணு போதுமா?"ன்னாள்.

தொட்டி இப்போ எங்க வாசல்ல வேப்பமர நிழல்ல இருக்கு. இன்னையோட 19 நாளாச்சு. மூணு கணுவுல மொட்டு லேசா வீங்கியிருக்கு. வெளியில வெள்ளையா பஞ்சு மாதிரி தெரியுது. தண்டுல இருக்கிற பழைய சத்துலயே கொஞ்சம் துளிர்த்துட்டுக் காய்ஞ்சு போறதும் உண்டு. வேர் பிடிச்சாத்தான் நிச்சயம். சித்திரை வெயிலைத் தாண்டினா அதைச் சென்னைக்கு அனுப்பலாம்னு பேசி வச்சிருக்கோம். ஆனியில என்ன ஆச்சுன்னு இங்கேயே எழுதுறேன். உங்க மாடியில என்ன மரம் இருக்கு, எந்த மாசம் வெட்டினீங்கன்னு நீங்களும் சொல்லுங்க.